பாலத்துக்குப் பூசிய சீமெந்து

ஐம்பத்து நான்கு வயதுக்காரனை யாராவது வேலை பழக எடுப்பார்களா? என்னை எடுத்தார்கள். பல வருடம் வேலை செய்த சலவைத் தொழிற்சாலையை மூடியபின் ஒஸ்லோவில் நான் போடாத விண்ணப்பம் இல்லை. வாயில் அரைகுறையான நோர்வே மொழி நொஸ்க், தலையில் முழு நரை. பாதி இடங்களில் இருந்து பதில்கூட வரவில்லை. கடைசியில் வேலை தேடித் தரும் அலுவலகம், பழைய கல்வேலைகளைத் திருத்தும் ஒரு சின்னக் கம்பனியில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆறு மாதம் வைத்துப் பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் ஐப்பசி முடிய வீட்டுக்கு.

கம்பனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு வான், ஒரு முதலாளி, நான். முதலாளிக்கு முப்பத்திரண்டு வயது. கட்டையாக வெட்டிய தலைமயிரும் கல் தூக்கித் தூக்கி உருண்ட தோளுமாக ஒரு பெண். இந்த நாட்டில் முதலாளியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வரவே இல்லை. அவர்கள் மொழியில் முதலாளிக்கு உள்ள சொல்லைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

என் மனைவிக்கு இந்த வேலை துண்டாகப் பிடிக்கவில்லை. அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. எனக்கு வேலை போன நாளிலிருந்து வார விடுமுறையிலும் ஓடிக்கொண்டிருந்தாள். எங்கள் பியோர்ண்டால் பஸ் தரிப்புக்குக் காலமை ஆறு மணிக்கு வரும் அந்த வானைப் பிடிக்க நான் வெளிக்கிடும்போதெல்லாம் பின்னால் ஒரு குரல் வரும்.

"கல்லுப் பொறுக்கப் போறாராம் மனுசன். ஆறு மாசம் சும்மா வேலை வாங்கிப்போட்டுக் கலைச்சுவிடப் போறாங்கள், இருந்து பாருங்கோ."

"வாயை வையாதையும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவேன். உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான்.

புரட்டாதியில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு பாலம். ஒஸ்லோவிலிருந்து ஒரு மணித்தியாலம் போனால் வரும் கிராமத்தில், சின்ன ஆறு ஒன்றின் மேல் ஒற்றை வளைவுக் கற்பாலம். லொறிகளும் கார்களும் சற்றுக் கீழே தள்ளி உள்ள கொங்கிறீட் பாலத்தால் போய்விடும். இதில் நடப்பவர்களும் ஒரு விவசாயியின் உழவு இயந்திரமும் மட்டுந்தான். அடிக்கற்கள் மத்தியகாலத்தவை, வடக்கே பெரிய தேவாலயத்துக்கு நடந்துபோன யாத்திரிகர்கள் இதைக் கடந்துதான் போனார்கள் என்று ஊர்க்காரர் சொல்வார்கள். அதற்குக் கடதாசி ஒன்றும் கிடையாது என்று முதலாளி சொன்னார். மேலே எத்தனையோ தரம் திருத்தியிருக்கிறார்கள், கீழே ஒருவரும் கை வைத்ததாகத் தெரியவில்லை என்றும் சொன்னார்.

முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் வளைவுக்குக் கீழே போய்ப் படுத்துப் பார்த்தேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை, கம்பி இல்லை. தலைக்கு மேலே ஆட்டுக்குட்டி அளவில் ஒவ்வொரு கருங்கல்லும் அந்தரத்தில் நிற்கிறது. அந்த நேரம் பார்த்து விவசாயி உழவு இயந்திரத்தை வைக்கோலோடு மேலே கொண்டுவந்தான். எழும்பி ஓடவும் நேரமில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். இயந்திரம் கடகடவென்று போய்விட்டது. என் முகத்தில் ஒரு மண் துகள்கூட விழவில்லை.

"இந்தக் கோதாரி எப்படி நிற்குது?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். முதலாளிக்கு மொழி விளங்காவிட்டாலும் கேள்வி விளங்கிவிட்டது.

"எல்லாக் கல்லும் ஒரே நேரத்தில் விழப் பார்க்கின்றன. ஒன்று மற்றதுக்கு வழி விடாது. அதனால் ஒன்றுமே விழ முடியவில்லை" என்றார்.

எங்களுடைய வேலை வளைவில் இல்லை. ஆற்றின் கீழ்ப்பக்கமாக உள்ள பக்கச்சுவரை மர வேரும் பனியும் வெளியே தள்ளியிருந்தன. அந்தத் துண்டைக் கல் கல்லாகப் பிரித்து, சோக்கட்டியால் இலக்கம் போட்டு, புல்லில் வரிசையாக அடுக்கி, பிறகு அதே ஒழுங்கில் திரும்பக் கட்ட வேண்டும். இடைவெளிகளில் விரலளவு ஆப்புக் கற்களைச் செருகி இறுக்க வேண்டும். ஒரு மாதம் இதுதான். நான் சலவைத் தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் துவாய் மடித்தவன். ஆனால் ஒரு கல்லைத் தூக்கி அதன் பழைய இடத்தில் வைக்கும்போது "டொக்" என்று அது போய் உட்காரும் சத்தத்துக்கு நான் அடிமையாகிவிட்டேன். வீட்டுக்கு வந்து அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டினால், "பாலத்தோடையே போய்க் குடியிருங்கோவன்" என்பாள் மனைவி.

சுவர் முடிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பழைமைச் சின்னங்களைப் பார்க்கும் அதிகாரி வந்து சோதிப்பார் என்று சொல்லியிருந்தார்கள். என்னுடைய ஆறு மாதமும் அந்தக் கிழமையோடு முடிகிறது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைதான் எனக்குச் சனி பிடித்தது.

முதலாளியின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று குழந்தைகள் காப்பகத்திலிருந்து அழைப்பு வர, அவர் பதினொரு மணிக்கே வானை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னை இடத்தைக் கூட்டித் துப்பரவாக்கிவிட்டு, பின்னேர பஸ்ஸில் போகச் சொன்னார். கூட்டி முடித்து நிமிர்ந்து பார்க்கிறேன், சுவர் ஒழுகுகிறது! முதல்நாள் பெய்த மழை கல் இடுக்குகளால் சொட்டுச் சொட்டாக வெளியே வந்துகொண்டிருந்தது. வளைவுக்குக் கீழேயும் அப்படித்தான். அதிகாரி வந்து இதைப் பார்த்தால் என்ன சொல்வார்? ஒரு மாத வேலையும் நாசம், முதலாளியின் பெயரும் நாசம், என் வேலையும் போச்சு.

யாழ்ப்பாணத்தானுக்குச் சுவர் ஒழுகினால் ஒரு மருந்துதான் தெரியும். அது சீமெந்து.

இதை விளங்கப்படுத்தத்தான் வேண்டும். கல்வீடு என்று நாங்கள் சொன்னாலும் சீமெந்துதான் எங்கள் மானம். கிணற்றைச் சுற்றிச் சீமெந்து, முற்றத்துக்குச் சீமெந்து, காசு மிஞ்சினால் வேலிக்குப் பதில் சீமெந்து மதில். சண்டைக் காலத்தில் அரசாங்கம் எங்கள் பக்கம் வரவிடாமல் தடுத்த பொருட்களில் சீமெந்தும் ஒன்று. ஒரு பை சீமெந்தைத் தங்கம் போல ஒளித்து வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு பொருளை உண்மையாக மதிக்கிறோம் என்றால் அதற்குச் சீமெந்து பூசுவோம். நான் அந்தப் பாலத்தை மதித்தேன்.

ஊருக்குள் இருந்த கட்டடப் பொருட்கள் விற்கும் கடைக்கு நடந்துபோய் என் காசில் இரண்டு பை கலவைச் சீமெந்து வாங்கி, ஒற்றைச் சில்லு வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தேன். குழைத்தேன். சாரக்கட்டில் ஏறி நின்று, நாங்கள் கட்டிய சுவரின் இடுக்குகளையெல்லாம் நிரப்பினேன். மிஞ்சியதை வளைவுக்குக் கீழே, கை எட்டிய தூரத்துக்கு அப்பினேன். விரலை நனைத்து ஒவ்வொரு வரியையும் வழித்துவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மேசனும் தோற்றுப்போவான். படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். உடனே அழைப்பு எடுத்தாள்.

"இப்பத்தான் பாக்க வடிவாக் கிடக்கு. முந்தி ஏதோ இடிஞ்ச மதில் மாதிரி எல்லே இருந்தது. இனி அந்தப் பிள்ளை உங்களை எப்பிடி விடுறது? நிரந்தரமாக்கித்தான் ஆகவேணும்."

"அப்பிடியே சொல்லுறீர்?"

"ஓம், ஓம். எழுதி வையுங்கோ."

கலியாணம் கட்டி முப்பது வருடத்தில் அவள் என் வேலையை மெச்சியது அதுதான் முதல் தடவை. சனிக்கிழமை குறொன்லாண்ட் கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போனபோது கண்ட தெரிந்தவர்களுக்கெல்லாம் படத்தைக் காட்டினேன். ஞாயிறு அவள் மோதகம் அவித்து முதலாளிக்கென்று தனிப் பெட்டியில் போட்டுத் தந்தாள்.

திங்கள் காலமை வானிலேயே முதலாளி ஒரு மோதகத்தைச் சாப்பிட்டார். நல்லாயிருக்கிறது என்று இரண்டாவதையும் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். பாலத்தடியில் போய் நின்றார். நின்றவர் நின்றவர்தான். மோதகம் கையிலேயே இருந்தது. ஆச்சரியத்தில் வாயடைத்துப் போனார் என்று நினைத்த பேயன் நான். பல்லைக் காட்டிக்கொண்டு போய், "நான்தான். வெள்ளிக்கிழமை. சும்மா, என் அன்பளிப்பு" என்றேன்.

அவர் மோதகத்தைக் கவனமாகப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். ஆற்றங்கரையில் போய் இருந்தார். தொலைபேசியை எடுத்து எதையோ பார்த்தார்.

"புதன் இரவு மைனஸ் ஆறு" என்றார்.

பிறகு மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். பாலம் ஒழுகவில்லை. பாலம் அப்படித்தான் மூச்சு விடுகிறது. மழைத் தண்ணீர் கற்களுக்குள்ளால் போய் இடுக்கால் வெளியே வரவேண்டும். இத்தனை நூற்றாண்டு அப்படி வந்ததால்தான் அது நிற்கிறது. நான் வாசலையெல்லாம் அடைத்துவிட்டேன். உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்தால் பருக்கும், பருத்தால் கல் வெடிக்கும்.

எங்கள் ஆட்களிடம் இப்படியொரு பிழை விட்டிருந்தால் இந்நேரம் ஊரே கேட்க ஏச்சு விழுந்திருக்கும். ஏசி முடிந்தால் ஒரு தேத்தண்ணியோடு முடிந்துவிடும். இந்த மனுசி சத்தமே போடவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

"தயவுசெய்து என்னை ஏசுங்கள்" என்றேன்.

"ஏசினால் சீமெந்து கழலுமா?" என்று கேட்டுவிட்டு, வானிலிருந்து இரண்டு சுத்தியலும் உளிகளும் எடுத்து வந்தார். இயந்திரம் போட்டால் கல் அதிரும், கையால்தான் எடுக்க வேண்டும், புதனுக்குள் எடுக்க வேண்டும். அவ்வளவுதான் பேச்சு. அவர் வளைவுக்குக் கீழே போனார், நான் சுவரில் ஏறினேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். கை இரண்டும் கொப்புளம்.

"ஐயோ கடவுளே! கேக்காமல் ஏனப்பா தொட்டனீங்கள்? அறிவிருக்கே உங்களுக்கு?"

"நீர்தானே வடிவாக் கிடக்கு எண்டனீர்!"

"நான் படத்தைப் பாத்துச் சொன்னனான். நான் என்ன, பாலம் கட்டுற எஞ்சினியரே? உங்கடை மோட்டு வேலைக்கு என்னைச் சாட்டாதையுங்கோ."

ஆனால் கொப்புளத்துக்கு மருந்து போட்டுத் துணி சுற்றியது அவள்தான், முணுமுணுத்துக்கொண்டே.

செவ்வாய் மத்தியானம் வாளியை வெறுமையாக்கப் போனபோது இன்னொரு கேடு தெரிய வந்தது. கழற்றிய சீமெந்துக் கட்டிகளுக்குள் சின்னச் சின்னக் கற்கள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. ஆப்புக் கற்கள். சுவரிலிருந்து வந்தவை நாங்கள் செருகியவை, அவை பரவாயில்லை. வளைவின் அடியிலிருந்து வந்தவையோ யாரோ அந்தக் காலத்தில் செருகியவை. நான் அப்பிய சீமெந்து அவற்றைக் கவ்விப் பிடித்து, இடத்தைவிட்டு இழுத்துக்கொண்டு வந்திருந்தது. முதலாளி அதைப் பார்த்து உதட்டைக் கடித்தார்.

நான் வாளியோடு ஆற்றங்கரையில் குந்தினேன். ஒவ்வொரு கட்டியாக உடைத்தேன். உள்ளே இருந்த கல்லை எடுத்துத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினேன். மிச்சத் தூளைச் சல்லடையில் போட்டு அரித்தேன். நகத்தளவு கல்லைக்கூட விடவில்லை. பிறகு வளைவுக்குக் கீழே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மல்லாக்கப் படுத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு இடுக்கிலும் வைத்து வைத்துப் பார்த்தேன். பொருந்தாத இடத்தில் அது ஆடும். சொந்த இடத்தில் வைத்துத் தட்டினால் பிறகு பல்லால் பிடுங்கினாலும் வராது.

அங்கே படுத்திருந்த இரண்டு நாளில்தான் அந்தப் பாலத்தைக் கட்டியவர்களை நான் அறிந்துகொண்டேன் என்று சொல்ல வேண்டும். ஆற்றுக்கு மேலே, இருட்டுக்குள், எவனும் நிமிர்ந்து பார்க்கப் போகாத இடம். அங்கே ஒருவன் விரலளவு கல்லைச் சாய்வாகச் செதுக்கி, இந்த இடுக்குக்கு இதுதான் என்று செருகிவிட்டுப் போயிருக்கிறான். ஒரு கல்லின் பின்பக்கம், வெளியே தெரியவே தெரியாத பக்கம், அதைக்கூட வழவழவென்று ஒப்பரவாகச் செதுக்கியிருந்தான். அவனை யார் மெச்சினார்கள்? அவனுக்குக் கூலி கொடுத்தவன்கூட இதைக் கண்டிருக்க மாட்டான். நானோ இரண்டு மணித்தியாலத்தில் அப்பிவிட்டு ஊருக்கெல்லாம் படம் காட்டினேன். வெட்கத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மல்லாக்கக் கிடந்தபடியால் அது காதுக்குள் போனது.

புதன் பொழுதுபடுமுன் வேலை முடிந்தது. வியாழன் காலமை புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. நான் வானிலிருந்து இறங்கியவுடன் ஓடினேன். வளைவு சேமம். சுவரும் சேமம். ஒரே ஒரு கல், சுவரின் அடியில், தண்ணீருக்குக் கிட்ட. அதன் மூலையில் உள்ளங்கை அளவு சிப்பி போலக் கழன்று விழுந்திருந்தது. இடுக்கின் ஆழத்தில் உளி எட்டாமல் கொஞ்சம் சீமெந்து நின்றுவிட்டது. நிழலான இடம். கொஞ்சம் சேறு பூசினால் யாருக்கும் தெரியாது. அப்படியொரு நினைப்பு எனக்கு வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"நாளைக்கு அதிகாரி வருகிறார்" என்றார். மூடு என்றும் சொல்லவில்லை, காட்டு என்றும் சொல்லவில்லை.

அதிகாரி நெட்டையான மனிதர், மூக்குக் கண்ணாடி நுனியில் நின்றது. சின்னச் சுத்தியலால் கல்லுக்குக் கல் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். வளைவுக்குக் கீழே வெகுநேரம் நின்றார். "அருமை" என்று இரண்டு தரம் சொன்னார். முதலாளி தலையாட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி கோப்பை மூடிக் கக்கத்தில் வைத்து, சப்பாத்துச் சேற்றைப் புல்லில் தேய்த்துவிட்டு மேலே ஏறத் திரும்பினார். என் வீட்டு வாடகை, மனைவியின் ஓட்டம், ஐம்பத்து நான்கு வயது, எல்லாம் அந்த மூடிய கோப்புக்குள் இருந்தன. வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தால் போதும்.

"இங்கே ஒன்று இருக்கிறது" என்றேன். "அது என்னால் வந்தது."

என் அரைகுறை நொஸ்க்கில் ஒன்றும் விடாமல் சொன்னேன். ஒழுகியது என்று நினைத்தது, சீமெந்து வாங்கியது, அப்பியது, கழற்றியது, சின்னக் கற்களைத் தேடித் திரும்ப வைத்தது. முதலாளிக்கு ஒன்றும் தெரியாது, அவர் அன்று இல்லை என்பதை மூன்று தரம் சொன்னேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குந்தியிருந்து அந்தக் கல்லைப் படம் எடுத்தார். நிறைய எழுதினார். கல் இருக்கட்டும், வசந்தத்தில் உறைபனி கரைந்தபின் கம்பனி வந்து முழுப் பாலத்தையும் திரும்பச் சோதித்து அறிக்கை தரவேண்டும் என்றார். முதலாளியின் தாடை இறுகியதைக் கண்டேன். அதோடு என் கதை முடிந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது.

ஒஸ்லோவுக்குத் திரும்பும் வழியில் முதலாளி பெற்றோல் நிலையம் ஒன்றில் வானை நிறுத்தி, இரண்டு கோப்பியோடு வந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"உன்னை வைத்திருக்கிறேனா இல்லையா என்று அலுவலகத்துக்கு எழுத வேண்டியிருந்தது" என்றார். "செவ்வாய்க்கிழமையே எழுதி அனுப்பிவிட்டேன்."

"என்னவென்று?"

"நிரந்தரம் என்று. நீ அந்தத் தூளை அரித்துக்கொண்டிருந்தாய், நான் வானில் இருந்து எழுதினேன்."

"இன்றைக்கு நடந்ததுக்குப் பிறகுமா?"

அவர் கோப்பியை ஊதினார். "இன்றைக்கு எழுதியிருந்தால் இன்னும் கொஞ்சம் நீளமாக எழுதியிருப்பேன்."

நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டேன். காற்று அடிக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்று மனைவிக்கு அழைப்பு எடுத்தேன். அவள் வேலையில் நின்றாள், இருந்தும் முதல் மணியிலேயே எடுத்தாள். "சொல்லுங்கோ" என்றாள். நான் வாயைத் திறக்க விம்மல்தான் வந்தது.

அந்தப் பக்கம் கதவு ஒன்றைச் சாத்தும் ஓசை கேட்டது.

"இஞ்சாருங்கோ, அழுறியளே? அழாதையுங்கோப்பா. போனாப் போகட்டும் அந்தக் கண்டறியாத வேலை. ஆரிட்டையும் போய்க் கெஞ்ச வேண்டாம், நீங்கள் வீட்டை வாங்கோ. நான் உழைக்கிறன்தானே, எங்களுக்குக் காணும். நான் சும்மா வாய்க்கு வந்ததெல்லாம் கத்திறனான், நீங்கள் அதை மனசிலை வைக்காதையுங்கோ. உங்களை மாதிரி ஒரு மனுசன் கிடைக்க அவங்களுக்குக் குடுத்து வைக்கேல்லை. எனக்குக் கிடைச்சிருக்கு, அது போதும்..."

இன்னும் சொல்லிக்கொண்டே போனாள். முப்பது வருடமாக ஒரு தரமும் என் காதில் விழாத சொற்கள். நான் தொலைபேசியைக் காதோடு இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் மூச்சு வாங்க நிறுத்தும்வரை வேலை கிடைத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அந்த இரண்டு நிமிடத்தை அவளிடமிருந்து களவாகத்தான் எடுத்தேன்.